கார் விமர்சனங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மூன்றாம்கியர் · #1

புது மாடலைப் பற்றி இந்த நேரத்துக்கு முன் எதையும் வெளியிடக் கூடாது என்று நிறுவனம் போட்ட தடை விலகிய முதல் மணி நேரத்திலேயே விமர்சனங்கள் கூட்டமாக வந்து விழுகின்றன. எல்லாவற்றிலும் அதே வளைவுச் சாலை, அதே ஆரஞ்சு நிற வண்டி. தீர்ப்பும் ஒன்றுதான்: "சின்னச் சின்னக் குறைகள் உண்டு, ஆனாலும் இந்தப் பிரிவில் கண்டிப்பாகப் பரிசீலிக்கலாம்."

வாங்கப் போகிறவர் இதில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதைத் தள்ளலாம்? "எல்லாரும் விலைபோனவர்கள்" என்று ஒரே வரியில் முடிக்காமல், எங்கே, எப்படிச் சாய்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சந்தேகப்பிராணி · #2

ஒரே வரி வேண்டாம்னு சொல்லிட்டீங்க, அதனால ரெண்டு வரி. விமர்சகரை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டா விமான டிக்கெட், ஓட்டல், சாப்பாடு, கார், பெட்ரோல் எல்லாமே கம்பெனி செலவு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற மனுஷன் எப்படிங்க அந்தக் காரைத் திட்டுவான்?

வெள்ளோட்டம் · #3

சாப்பாட்டுக்காக யாரும் பொய் எழுதுவதில்லை, சகோ. பயப்படுவது அடுத்த அழைப்புக்கு. தடை விலகும் நேரத்தில் கையில் காணொளி இருப்பவருக்குத்தான் பெரும்பாலான பார்வைகள். பத்து நாள் கழித்துச் சொந்தமாக வண்டி தேடிப் பிடித்து ஓட்டுகிறவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேடல் பட்டியலில் கீழே கிடப்பார். பணம் கைமாற வேண்டிய தேவையே இல்லை. "அடுத்த முறை இடம் குறைவு" என்ற ஒரு மின்னஞ்சல் போதும். அதை அனுப்பக்கூட வேண்டியதில்லை, அனுப்புவார்கள் என்ற நினைப்பே எழுதும்போது கையைப் பிடித்துக்கொள்ளும்.

வெளிப்படையாகவே நடந்த உதாரணமும் உண்டு. 2005 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் போன்டியாக் ஜி6 காரைப் பற்றி டான் நீல் எழுதினார். காரோடு நிற்காமல், நிர்வாகத் தலைமையே மாற வேண்டும் என்றும் சொன்னார். போன்டியாக்கைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் அந்த நாளிதழுக்குக் கொடுத்த விளம்பரங்களை நிறுத்தியது. ஆகஸ்டில்தான் திரும்பக் கொடுத்தது. முந்தைய ஆண்டு, 2004இல், கார் விமர்சனத்துக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியவர் அவர். பெரிய நாளிதழ் என்பதால் தாங்கியது. மூன்றே விளம்பரதாரர்களை வைத்து ஓடும் தளம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் ஓட்டத்தில் எதை அறிய முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம், நிறுவனம் தேர்ந்தெடுத்த பாதை, உச்ச வேரியன்ட். ஓட்டுநர் இருக்கையின் அமைப்பு, ஸ்டீயரிங்கின் எடை, கியர் மாறும் வேகம், பார்வைத் தடைகள் ஆகியவற்றை இந்த நேரத்தில் நேர்மையாகச் சொல்லிவிடலாம். மைலேஜைச் சொல்ல முடியாது. பின் இருக்கையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் தொடைக்குத் தாங்கல் போதுமா என்று சொல்ல முடியாது. ஹெட்லைட்டைப் பற்றியும் சொல்ல முடியாது, ஏனென்றால் இந்த ஓட்டங்கள் பகலில்தான் நடக்கும். இரவில் ஓட்டாமலே "எல்இடி வெளிச்சம் அருமை" என்று எழுதியிருந்தால், அந்த வரி விவரக் கையேட்டிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாரணி_ஆர் · #4

எழுதுகிறவரின் மனம் சாய்வது ஒரு பக்கம். வண்டியே சாய்ந்து வந்தால் எவ்வளவு நேர்மையான ஆளும் தப்பாகத்தான் எழுதுவார். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

பழைய கதை ஒன்று. 1964 மார்ச் இதழில் கார் அண்ட் டிரைவர் போன்டியாக் ஜிடிஓவைச் சோதித்து, மணிக்கு 60 மைல் வேகத்தை 4.6 நொடியில் தொட்டதாக எழுதியது. கடையில் விற்ற வண்டிக்கு 389 கன அங்குல இன்ஜின், அதாவது சுமார் 6.4 லிட்டர். சோதனைக்கு வந்த வண்டியில் இருந்ததோ 421 கன அங்குலம், சுமார் 6.9 லிட்டர். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து, அந்த வண்டியை ஏற்பாடு செய்த விளம்பரக்காரர் ஜிம் வேங்கர்ஸே ஒப்புக்கொண்டார்.

இப்போது அந்த அளவுக்கு இன்ஜினை மாற்றத் தேவையில்லை. சட்டத்துக்கு உட்பட்டே நிறைய செய்யலாம். பல ஆயிரம் கி.மீ. ஓடிப் பதமான இன்ஜின், நூல் பிடித்தது போல வீல் அலைன்மென்ட், பட்டியலில் உள்ள இரண்டு மூன்று டயர்களில் பிடிமானம் கூடிய பிராண்ட், சவாரிக்கு ஏற்ற காற்றழுத்தம். இரண்டு பேர் மட்டும் போகிற வண்டிக்கு முழுச் சுமைக்கான அழுத்தம் வைத்தால் மேடு பள்ளத்தில் தட்டும், அதை 0.3 பார் குறைத்தாலே "சவாரி மெத்தென்று இருக்கிறது" என்று எழுத வைக்கலாம். ஃபெராரி பத்திரிகைகளுக்குத் தரும் கார்களை எப்படித் தயார் செய்கிறது என்று 2011இல் கார் விமர்சகர் கிறிஸ் ஹாரிஸ் பகிரங்கமாக எழுதினார். நேர்கோட்டு வேகத்துக்கு ஒரு கார், வளைவுக்கு வேறு கார் என்று வந்ததாக அவருடைய குற்றச்சாட்டு.

சக்கர அளவு இன்னும் சாதாரணம், ஆனால் வாங்குகிறவரை அதிகம் பாதிப்பது அதுதான். விமர்சன வண்டி 18 அங்குலம், நீங்கள் வாங்கும் நடு வேரியன்ட் 16 அங்குலம். சவாரி, ஸ்டீயரிங், சத்தம், மைலேஜ், பிரேக் தூரம் எல்லாமே மாறும். அந்த விமர்சனத்தில் உங்கள் வண்டிக்குப் பொருந்துவது டாஷ்போர்டும் இருக்கையும்தான். அதிலும் இருக்கைத் துணி வேறாக இருக்கலாம்.

"உற்பத்திக்கு முந்தைய வண்டி என்பதால் பேனல் (வெளித் தகடு) இடைவெளியைப் பொருட்படுத்தவில்லை" என்று ஒரு வரி வரும். அதே விமர்சனம் சஸ்பென்ஷனையும் மென்பொருளையும் பாராட்டினால், குறைக்கு மட்டும் மன்னிப்பு, நிறைக்கு முழு மதிப்பெண் என்று அர்த்தம்.

சந்தேகப்பிராணி · #5

அப்போ கருத்தை விட்டுட்டு நம்பரை மட்டும் பார்த்தா போச்சு. நம்பர் பொய் சொல்லாதுல்ல?

அச்சாணி · #6

எண் பொய் சொல்லாது, ஐயா. எந்தக் கேள்விக்கான விடை என்பதை மட்டும் மறைத்துக்கொள்ளும்.

வேகமெடுக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இதழ்கள் பல, நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) பந்தயப் பழக்கத்தின்படி, வண்டி நகர்ந்த முதல் ஓர் அடியை, அதாவது 30 செ.மீ.யைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஓர் அடிக்கு, வண்டி எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதைப் பொறுத்து, ஏறக்குறைய 0.25 முதல் 0.35 நொடி ஆகும். அதோடு அங்கே இலக்கு 60 மைல், அதாவது 96.6 கி.மீ.; மற்ற இடங்களில் 100 கி.மீ. ஆக ஒரே கார் ஓரிடத்தில் 5.6, இன்னோரிடத்தில் 6.2 என்று வருவதற்கு யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. வண்டியில் எத்தனை பேர், டேங்க் எவ்வளவு நிரம்பியிருந்தது, காற்றின் வெப்பம், பாதையின் சாய்வு இவையும் சேரும். இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தார்களா, ஜிபிஎஸ் கருவியில் அளந்தார்களா, கேமராவை டாஷ்போர்டு பக்கம் திருப்பி வைத்து அளந்தார்களா என்று எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்ன முறைதான் காணொளிகளில் அதிகம், அதுதான் மோசமும். ஐ.நா. விதி எண் 39இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், 10 விழுக்காடும் 4 கி.மீ.யும் வரை. உண்மையில் 100 போகும்போது 114 காட்டினாலும் விதிமீறல் இல்லை. எனவே முள் 100ஐத் தொடும்போது வண்டி 94இல் இருக்கலாம். "100இல் கேபின் எவ்வளவு அமைதி!" என்பதும் அதே 94இன் அமைதிதான்.

பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 கி.மீ.யிலிருந்து 1 ஜி, அதாவது புவியீர்ப்பு அளவு வேகத்தணிவில் நின்றால் 39.3 மீட்டர். 102இல் மிதித்திருந்தால் கிட்டத்தட்ட 1.6 மீட்டர் கூடும். இரண்டு கார்களுக்கு இடையே 1 மீட்டர் வித்தியாசத்தை வைத்து வெற்றி தோல்வி சொல்கிறவர், தொடக்க வேகத்தைத் திருத்திக் கணக்கிட்டாரா என்று முதலில் பாருங்கள். ஒரே ஒரு முறை மிதித்த எண்ணுக்கு மதிப்பு குறைவு. ஐந்தாறு முறை மிதித்து, முதலாவதும் கடைசியும் எவ்வளவு விலகின என்று போட்டால்தான் பிரேக் சூடேறித் தளர்கிறதா என்பது தெரியும்.

மைலேஜில் நடக்கும் தவறு இன்னும் எளிது. பம்ப் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் வரை முன்பின் போகலாம். 8 லிட்டர் மட்டும் எரித்துவிட்டு நிரப்பினால் அந்த அரை லிட்டரே 6 விழுக்காடு பிழை. 35 லிட்டர் எரித்து நிரப்பினால் ஒன்றரை விழுக்காட்டுக்கும் கீழே. அதனால் "நிரப்பினோம், 120 கி.மீ. ஓட்டினோம், மறுபடி நிரப்பினோம்" என்ற கணக்குக்கு ஒன்றும் மதிப்பில்லை, தொடர்ந்து மூன்று முழு டேங்க் வேண்டும். டாஷ்போர்டு காட்டும் மைலேஜைப் படம் பிடித்துப் போடுவது சோதனையே இல்லை. அது இன்ஜெக்டர் திறந்த நேரத்திலிருந்து கணினி போடும் மதிப்பீடு, பெரும்பாலும் தாராளமாகவே போடும்.

கேபின் சத்தத்துக்குக் கைப்பேசிச் செயலியைக் காட்டுகிறார்கள். 3 டெசிபெல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பு. ஒரே கார் பழைய தார்ச் சாலையிலிருந்து புதுச் சாலைக்கு மாறினாலே அந்த அளவு மாறிவிடும். ஒரே நாள், ஒரே சாலை, ஒரே இடத்தில் மைக் என்றால் ஒப்பிடலாம். வேறு ஆள், வேறு ஊர், வேறு கார் என்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

டிக்கி அளவும் அப்படித்தான். 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுவது ஜெர்மன் வழக்கம். மேல் தட்டு வரையா, கூரை வரையா, தரைக்கு அடியில் உள்ள பள்ளமும் சேர்ந்ததா என்பதைப் பொறுத்து அதே டிக்கி 350 ஆகவும் 500 ஆகவும் வரும்.

கிளட்ச்கேபிள் · #7

அச்சாணி ஐயா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன்: மொத்த மதிப்பெண். ஒப்பீட்டுச் சோதனைல பிராடு பண்ண எந்த அளவீட்டையும் தொட வேண்டாம், எதுக்கு எத்தனை விழுக்காடுங்கிற எடைமதிப்பை மாத்தினா போதும்.

கற்பனையா ரெண்டு கார் வெச்சுக்கோங்க. அ: ஓட்டம் 6, சொகுசு 8, இடவசதி 9, சிக்கனம் 8. ஆ: ஓட்டம் 9, சொகுசு 7, இடவசதி 6, சிக்கனம் 7. நாலுக்கும் 25 விழுக்காடு குடுத்தா அ 7.75, ஆ 7.25. இப்போ ஓட்டத்துக்கு 45, சொகுசுக்கு 25, மத்த ரெண்டுக்கும் 15, 15 குடுங்க. அ 7.25, ஆ 7.75. அப்படியே தலைகீழ்! ஒரு மதிப்பெண்ணைக்கூடத் தொடல. குடும்பத்தோட போறவங்களுக்கு முதல் பட்டியல், தனியா ஓட்டி ரசிக்கிறவங்களுக்கு ரெண்டாவது. ரெண்டுமே நேர்மைதான், யாருக்காகன்னு சொல்லியிருந்தா. அதனால மொத்தத்தைப் பார்க்காதீங்க, வரிசையா இருக்கிற தனி மதிப்பெண்ணை எடுத்து உங்க எடைமதிப்பைப் போட்டுக்கோங்க.

பத்துக்கு ஏழுக்குக் கீழ எந்தக் காருக்கும் போடாத தளமா இருந்தா, அவங்களோட ஏழு உங்களோட ரெண்டு.

அப்புறம் பாஷை. "சஸ்பென்ஷன் கொஞ்சம் ஸ்டிஃப், ஆனா ஹைவேல ஸ்டேபிள்"னா பின் சீட்டுல தூக்கிப் போடும். "சிட்டிக்குப் போதுமான பவர்"னா அஞ்சு பேரோட மேடு ஏறத் திணறும். "பழகிட்டா ஈஸி"ன்னா தொடுதிரை எரிச்சல். "பிளாஸ்டிக் தரம் விலைக்கு ஏத்த மாதிரி"ன்னா கீறல் விழும். குறையைச் சொல்லாம விடறவங்க கம்மி, சொல்லி மெழுகிடறவங்கதான் ஜாஸ்தி. "ஆனா"வுக்கு முன்னாடி இருக்கிறதை மட்டும் படிங்க.

மூன்றாம்கியர் · #8

சொந்தக் காசில் வாங்கிச் சோதிப்பவர்கள் யாருமே இல்லையா? அவர்களை மட்டும் நம்பினால் போதாதா?

வெள்ளோட்டம் · #9

இருக்கிறார்கள். முதல் பெயர் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ். 1936இல் தொடங்கியது, விளம்பரம் வாங்குவதில்லை, தங்கள் பெயர் சொல்லாமல் டீலரிடம் சாதாரண ஆள் போலக் காரை வாங்கிச் சோதிப்பார்கள். அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1988இல் சுசுகி சாமுராய் எளிதில் உருளும் என்று "ஏற்க முடியாதது" எனத் தரப்படுத்தினார்கள். 1996இல் சுசுகி வழக்குப் போட்டது. 2004இல்தான் சமரசம் ஆனது.

அச்சாணி பிரேக் பற்றிச் சொன்னதற்கு 2018 மே மாதம் பொருத்தமான சான்று. டெஸ்லா மாடல் 3ஐ 60 மைல் வேகத்தில் மிதித்தபோது முதல் நிறுத்தம் ஏறக்குறைய 130 அடி. அதோடு விட்டிருந்தால் நல்ல எண். திரும்பத் திரும்ப மிதித்தபோது அது வரவே இல்லை, இரவெல்லாம் ஆறவிட்டும் வரவில்லை. முடிவாக 152 அடி என்று போட்டார்கள், பரிந்துரையையும் மறுத்தார்கள். சில நாளிலேயே நிறுவனம் பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் மென்பொருளை இணையம் வழியாக மாற்றியது, மறுசோதனையில் 133 அடி. காரிலேயே அந்தக் கோளாறு இருந்தது. ஒரே முறை மிதித்த விமர்சகர் எவரும் அதைப் பார்த்திருக்க முடியாது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: மென்பொருள் பதிப்பு எண் இல்லாத விமர்சனம் ஆறு மாதத்தில் வேறொரு காரைப் பற்றிய விமர்சனமாகிவிடும்.

அதற்காகக் கோயில் கட்ட வேண்டாம். அவர்கள் வாங்குவதும் ஒரே ஒரு வண்டி. அவர்களுடைய நம்பகத்தன்மைக் கணிப்பு உறுப்பினர்கள் நிரப்பும் படிவங்களிலிருந்து வருகிறது, உறுப்பினர்கள் எல்லா வகை ஓட்டுநர்களையும் பிரதிபலிப்பவர்கள் அல்லர்.

சங்கம் நடத்துகிறது என்பதும் தனியாக ஒரு காப்பு ஆகாது. 2014 ஜனவரியில் ஜெர்மனியின் மாபெரும் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசியில் என்ன நடந்தது? "பிடித்த கார்" விருதில் முதலிடம் பிடித்த காருக்கு 34,299 வாக்கு என்று அறிவித்தார்கள், உண்மையில் விழுந்தது 3,409. ஜெயித்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் மேல் தவறு இல்லை, எண்ணை ஊதியது சங்கத்துக்குள்ளேயே. மக்கள் தொடர்புத் தலைவர் போனார், அடுத்த மாதம் சங்கத் தலைவரும் விலகினார்.

அச்சாணி · #10

விருது என்றதும் ஒரு சேர்க்கை. அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் தொடக்கத் தர ஆய்வு முதல் 90 நாளில் 100 வண்டிக்கு எத்தனை புகார் என்பதை எண்ணுவது. புளூடூத் இணைப்பு விட்டுப் போவதும் ஒரு புகார், கியர்பாக்ஸ் போவதும் ஒரு புகார். நீடித்து உழைக்குமா என்று அறிய அவர்களே மூன்றாண்டு வண்டிகளுக்குத் தனி ஆய்வு நடத்துகிறார்கள். விளம்பரத்தில் கோப்பையைக் கண்டால் எந்த ஆய்வு என்று பாருங்கள்.

மோதல் சோதனை நட்சத்திரத்துக்கும் ஆண்டு முக்கியம். ஃபியட் புன்டோவுக்கு 2005இல் ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பில் ஐந்து நட்சத்திரம், 2017இல் சுழியம். கார் கெட்டுப்போகவில்லை, அளவுகோல் வளர்ந்தது. ஆண்டு போடாமல் "ஐந்து நட்சத்திரம்" என்று எழுதுவது அரைத் தகவல்.

மூன்றாம்கியர் · #11

அப்படியானால் உரிமையாளர்கள் எழுதுவது? அவர்களுக்கு அழைப்பும் இல்லை, விளம்பரமும் இல்லையே.

தாரணி_ஆர் · #12

அங்கே சாய்வு வேறு மாதிரி. இவ்வளவு பணம் போட்டு வாங்கியதைத் தப்பு என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசு வராது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. முதல் 1,000 கி.மீ.க்குள் எழுதியவை பெரும்பாலும் கல்யாண வீட்டுப் பேச்சு. அதற்கு எதிர்முனையில் கோபத்தில் எழுதியவர்கள். நடுவில் திருப்தியாக ஓட்டுகிற பெரும் கூட்டம் எதுவுமே எழுதுவதில்லை. அதனால் சராசரி நட்சத்திரத்துக்கு அர்த்தம் குறைவு.

புகார்களின் எண்ணிக்கையையும் அப்படியே எடுக்கக் கூடாது. நிறைய விற்ற காருக்கு நிறையப் புகார் வரத்தான் செய்யும். பார்க்க வேண்டியது ஒரே பழுது, ஒரே கி.மீ. வட்டத்தில், ஒருவரை ஒருவர் அறியாத பலரிடம் திரும்ப வருகிறதா என்பதை. "கிளட்ச் மோசம்" என்பதைவிட "30,000 கி.மீ.யில் பெடல் கனமாகி, 34,000இல் பிரஷர் பிளேட் மாற்றினேன்" என்பதில் சோதித்துப் பார்க்கத் தகவல் இருக்கிறது. ஓடிய தூரம், வேரியன்ட், தயாரிப்பு மாதம், மாற்றிய பாகம், உத்தரவாதத்தில் ஏற்றார்களா. இந்த ஐந்தில் குறைந்தது மூன்றுகூட இல்லாத பதிவைத் தாண்டிப் போய்விடலாம், பாராட்டானாலும் சரி.

நீண்டகாலச் சோதனை என்று ஊடகங்கள் போடுவதிலும் வண்டி யாருடையது என்று பாருங்கள். நிறுவனம் இரவல் தந்த வண்டி சர்வீஸுக்குப் போனால் அதற்கு ராஜ மரியாதை. அந்தச் சர்வீஸ் அனுபவம் நமக்குக் கிடைக்காது.

கிளட்ச்கேபிள் · #13

எல்லாரும் பாராட்டுற பக்கத்தையே சந்தேகப்படறீங்க. திட்டினா நேர்மையா? இப்போ திட்டற தலைப்புக்குத்தான் பார்வை ஜாஸ்தி. 2013ல நியூயார்க் டைம்ஸ் நிருபர் டெஸ்லா மாடல் எஸ் குளிர்ல சார்ஜ் தீர்ந்து நின்னு போச்சுன்னு எழுதினார். கம்பெனி, அந்த வண்டியில பதிவான தரவை வெளியிட்டு வேகம், சார்ஜ் பண்ண நேரம் எல்லாம் பொருந்தலைன்னு சொல்லுச்சு. கடைசில பத்திரிகையோட வாசகர் பிரதிநிதி சொன்னது ரெண்டு பக்கத்துக்கும் இனிக்கல: நிருபருக்குக் கெட்ட எண்ணம் இல்ல, ஆனா குறிப்பெடுத்ததுல துல்லியமும் இல்ல, முடிவெடுத்ததுல நிதானமும் இல்ல. பாதிப் பிரச்சினை இங்கதான். நேரம், வேகம், தூரம், வெப்பம் எழுதி வெச்சிருந்தா சண்டையே இல்ல.

சந்தேகப்பிராணி · #14

சோதனையில மட்டும் புகையைக் குறைச்சுக் காட்டின ஃபோக்ஸ்வாகன் டீசல் விஷயத்தை விட்டுட்டீங்களே. இத்தனை ஆயிரம் விமர்சனத்துல ஒருத்தர் கூடக் கண்டுபிடிக்கல.

அச்சாணி · #15

கண்டுபிடித்திருக்கவும் முடியாது. 2014இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் புகைக்குழாயில் அளவீட்டுக் கருவியைப் பொருத்தி, சாலையில் ஓட்டியதால் வெளிவந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. நைட்ரஜன் ஆக்சைடு மூக்குக்கோ ஸ்டீயரிங்குக்கோ தெரியாது. விமர்சகரைக் குறை சொல்ல வேண்டிய இடம் அது இல்லை. அளக்காத ஒன்றை "சுத்தமான டீசல்" என்று நிறுவனத்தின் சொல்லிலேயே எழுதியவர்களைக் கேட்கலாம்.

மூன்றாம்கியர் · #16

இதையெல்லாம் வைத்து வாங்குகிறவர் நடைமுறையில் என்ன செய்வது? சுருக்கமாக அல்ல, செய்யும் வரிசையில் சொல்லுங்கள்.

தாரணி_ஆர் · #17

முதலில் விமர்சனத்தில் வண்டியின் வேரியன்ட், சக்கர அளவு, யார் தந்தது, எத்தனை கி.மீ. ஓட்டினார்கள் என்ற நான்கையும் தேடுங்கள். நான்கும் இல்லையென்றால் அதில் படங்களை மட்டும் பாருங்கள். பிறகு அதே விமர்சகர் அதன் நேரடிப் போட்டிக் காரைப் பற்றி எழுதியதை எடுங்கள். ஒரே குறை ஒன்றில் "பெரிய ஏமாற்றம்", இன்னொன்றில் "பழகிக்கொள்ளலாம்" என்று இருந்தால் சாய்வு தெரிந்துவிடும். அவர் ஒரு வருடம் முன்பு பாராட்டிய காரை இன்றைய உரிமையாளர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்றும் பார்க்கலாம். இதற்கு அரை மணி நேரம் ஆகும், ஆனால் ஆளை எடை போட இதைவிட நல்ல வழி இல்லை.

டெஸ்ட் டிரைவுக்கு விமர்சனங்களில் முரண்பட்ட இரண்டு மூன்று புள்ளிகளை மட்டும் எழுதி எடுத்துப் போங்கள். வாங்கப் போகும் வேரியன்ட்டையே கேளுங்கள். கிளம்பும் முன் டயர் அழுத்தத்தைக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டு வையுங்கள். கைப்பேசியில் ஜிபிஎஸ் வேகத்தை ஓடவிட்டு முள்ளோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடமாவது பின் இருக்கையில் உட்கார்ந்து போங்கள், வேறு யாராவது ஓட்டட்டும். முடிந்தால் இருட்டிய பிறகு ஒரு முறை ஹெட்லைட்டோடு.

மூன்றாம்கியர் · #18

விமர்சன வண்டியில் என்ன டயர் என்று யாருமே எழுதுவதில்லையே?

தாரணி_ஆர் · #19

காணொளியில் சக்கரத்தை நெருக்கமாகக் காட்டும் இடம் ஒன்று கட்டாயம் வரும், அதை நிறுத்தி டயரின் பக்கச் சுவரை (சைட்வால்) படியுங்கள். பிராண்ட், மாடல், 215/60 ஆர்17 மாதிரி அளவு தெரியும். ஷோரூம் வண்டியிலும் அதையே படியுங்கள், கூடவே நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். அந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும். வெளியே காணோம் என்றால் குனிந்து உள்பக்கம் பாருங்கள்.